ஓநாய் ஆளைக் கொல்லுமா? வேட்டைக்காரர்களின் சாட்சியம் எதுவரை செல்லும்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், சூ செயின்ட் மேரி நகரத்தின் ‘டெய்லி ஸ்டார்’ நாளிதழுக்கு ஆசிரியராக இருந்தவர் ஜேம்ஸ் கர்ரன். சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் அவர் ஒரு பரிசு அறிவித்தார். அந்த வட்டாரத்தில் ஓநாய் தன்னைத் தாக்கியதாக யார் நிரூபித்தாலும் 100 டாலர். காட்டையே பிழைப்பாகக் கொண்டவர்கள் நிறைந்த ஊர் அது. கதைகள் வந்து குவிந்தன, விசாரித்ததில் ஒன்றும் தேறவில்லை. அந்த அனுபவத்தை அவர் 1940-இல் புத்தகமாகவே போட்டார். ஓநாய்கள் கடிப்பதில்லை என்பதுதான் அதன் தலைப்பு.

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேலாக, நோயில்லாத காட்டு ஓநாய் வட அமெரிக்காவில் மனிதனைக் கொன்றதற்குச் சான்றே இல்லை என்று ஓநாய் ஆதரவாளர்கள் சொல்லி வந்தார்கள். இடாஹோ, மொன்டானா பக்கத்து வேட்டைக்காரர்களைக் கேட்டால் வேறு கதை கிடைக்கும். சுற்றி வளைத்தது, பின்தொடர்ந்தது, பத்தடியில் நின்று முறைத்தது, சுட்டதால் பிழைத்தேன் என்பார்கள். இரு தரப்பும் தங்கள் சாட்சியாகக் கொண்டு வருவது வேட்டைக்காரரைத்தான். ஒரு தரப்பு அவர் உடம்பில் காயமில்லை என்பதைக் காட்டுகிறது, மறு தரப்பு அவர் மனதில் இருக்கும் பயத்தைக் காட்டுகிறது. ஓநாயால் மனிதருக்கு ஆபத்து உண்டா என்ற கேள்விக்கு இந்தச் சாட்சி எவ்வளவு தூரம் உதவுவார் என்பதை முதலில் எடை போட வேண்டும்.

1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 66 ஓநாய்களைக் கொண்டுவந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலும் மத்திய இடாஹோவிலும் விட்டார்கள். அவை பெருகிய மலைகளில்தான் எல்க் மான் வேட்டையும் நடக்கிறது. வில் வேட்டைக்காரரின் செப்டம்பர் மாதத்தைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். எல்க் இணைசேரும் பருவம் அது. விடிவதற்கு முன்பே காட்டுக்குள் போய், இலையும் கிளையும் அச்சிட்ட உருமறைப்பு உடையில், மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். மனித வாடை தெரியாமலிருக்க உடையில் எல்க் மூத்திர வாடையைத் தெளித்திருக்கிறார். காற்று தனக்கு எதிரே வீசும்படி இடம் பிடித்திருக்கிறார். வாயில் வைத்த ஊதுகருவியால் பெண் எல்க் போலவும், சில நேரம் தாயைத் தேடும் கன்று போலவும் குரல் கொடுக்கிறார். காட்டுக்குள் இருக்கும் எந்த ஓநாய்க்கும் அது இரை அழைக்கும் குரல்தான்.

ஓநாய் வருகிறது. குரல் வந்த இடத்துக்கு நேராக வராமல், காற்று தன் மூக்குக்கு வரும் பக்கமாகச் சுற்றி வருகிறது. வேட்டைக்காரர் இதைத்தான் ‘வளைத்தது’ என்கிறார். அருகில் வந்ததும் எதிர்பார்த்த எல்க் இல்லை, ஏதோ ஒன்று மரத்தடியில் இருக்கிறது. நிற்கிறது, உற்றுப் பார்க்கிறது, இன்னும் இரண்டு அடி எடுத்து வைக்கிறது. அவர் எழுந்து கத்தியதும், அல்லது மனித வாடை மூக்கில் ஏறியதும், பெரும்பாலும் திரும்பிப் போய்விடுகிறது. அவர் பொய் சொல்லவில்லை. நாற்பது கிலோ எடையுள்ள வேட்டை மிருகம் பத்தடியில் நின்றது உண்மை, நெஞ்சு படபடத்ததும் உண்மை. ஆனால் ஓநாய் தேடி வந்தது எல்க்கை. மனிதனை அறிந்துகொண்ட பிறகு அது என்ன செய்தது என்பதில்தான் நம் கேள்விக்கான விடை இருக்கிறது. அந்தக் கடைசிச் சில நொடிகளைப் பல கதைகள் சொல்வதே இல்லை, ஏனென்றால் அதற்குள் அவர் தற்காப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கி வெடித்துவிடுகிறது.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் சட்டம் ஓநாயைக் காத்த ஆண்டுகளில் அதைக் கொல்வது பொதுவாகக் குற்றம், உயிர் காக்கச் சுட்டால் குற்றமில்லை. எனவே சுட்டவர் சொல்லும் கதையில் அவருடைய சொந்த நலனும் கலந்திருக்கிறது. எல்லோரும் புளுகினார்கள் என்று நான் சொல்லவில்லை. எந்த நீதிமன்றமும் அப்படிப்பட்ட சாட்சியத்துக்கு வேறு ஆதாரம் கேட்கும், நாமும் கேட்க வேண்டும்.

நாயோடு போகும் வேட்டைக்காரரின் கதை வேறு. விஸ்கான்சினில் கரடி வேட்டைக்கு நாய்களை அவிழ்த்துவிடுகிறார்கள், சுவீடனிலும் பின்லாந்திலும் மூஸ் வேட்டைக்கு விடுகிறார்கள். ஓநாய்க்கு அந்த நாய் தன் எல்லைக்குள் நுழைந்த அயல் ஓநாய். பாய்ந்து கொல்கிறது. விஸ்கான்சின் மாநிலம் இப்படி இறந்த வேட்டை நாய்க்கு 2,500 டாலர் வரை இழப்பீடு தருகிறது. பல வருடம் பழக்கிய நாயைக் கிழிந்த நிலையில் தூக்கி வருபவரின் துயரம் பெரியது, அதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எல்க் குறைந்துவிட்டது என்ற புகாரிலும் சாரம் உண்டு. யெல்லோஸ்டோனின் வடபகுதி மந்தை 1994-இல் ஏறத்தாழ 19,000, 2013-இல் 4,000-க்கும் கீழே. கரடி, மலைச்சிங்கம், வறட்சி, பூங்காவுக்கு வெளியே நடந்த வேட்டை எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு என்றாலும் ஓநாயின் பங்கை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நாய் செத்ததும் மான் குறைந்ததும் மனித உயிருக்கு ஆபத்து என்பதற்கான ஆதாரம் ஆகாது. அந்தக் கோபங்களை அவற்றின் சொந்தப் பெயரிலேயே முன்வைத்திருந்தால் வேட்டைக்காரர்களின் வழக்கு இன்னும் வலுவாக இருந்திருக்கும்.

அலாஸ்கா வனவிலங்குத் துறையின் மார்க் மெக்நே 2002-இல் வெளியிட்ட தொகுப்பு இந்த வழக்கில் நம்பத்தக்க முதல் ஆவணம். அலாஸ்காவிலும் கனடாவிலும் ஓநாயும் மனிதரும் எதிர்ப்பட்ட 80 நிகழ்வுகளை அவர் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். 39 நிகழ்வுகளில் நோயில்லாத ஓநாய் சீற்றம் காட்டியிருந்தது. 12-இல் வெறிநோய் உறுதி அல்லது சந்தேகம். 29-இல் ஓநாய் பயமின்றி நெருங்கியது, தாக்கவில்லை. நோயற்ற ஓநாய் கடித்தவை 16, அவற்றில் ஆறு பலத்த காயம், உயிருக்கு ஆபத்தான கடி ஒன்றுமில்லை. கர்ரனின் தலைப்பு இங்கேயே அடிபட்டுப் போகிறது. ஓநாய் கடிக்கும்.

கொல்லவும் செய்யும் என்பது 2005 நவம்பர் 8-ஆம் தேதி தெரிந்தது. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தின் வடகோடியில் பாயின்ட்ஸ் நார்த் லேண்டிங் என்ற சுரங்க ஆய்வு முகாம். அங்கே வேலைக்கு வந்திருந்த 22 வயதுப் பொறியியல் மாணவர் பிற்பகலில் தனியாக நடக்கப் போனார், இரவில் உடல்தான் கிடைத்தது. நான்கு நாள் முன்னதாக அதே முகாமைச் சேர்ந்த இருவரை இரண்டு ஓநாய்கள் நெருங்கின. அவர்கள் கட்டைகளை வீசி விரட்டியதோடு படமும் எடுத்திருந்தார்கள். முகாமின் குப்பைமேடு வேலியில்லாமல் கிடந்தது, ஓநாய்கள் அங்கே மேய்ந்து மனிதரைப் பார்த்துப் பழகியிருந்தன. விசாரணையில் ஓநாய் ஆய்வாளர் பால் பாக்கெட், கொன்றது கருங்கரடியாக இருக்கலாம் என்றார். மெக்நே உட்பட வேறு நிபுணர்கள் ஓநாய்தான் என்றார்கள். 2007-இல் ஜூரி ஓநாய் என்றே தீர்ப்பளித்தது. கரடிகள் குகைக்குள் அடையும் நவம்பர், முன்னரே துணிந்து நெருங்கிய ஓநாய்கள், பனியில் பதிந்த தடங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஜூரியின் முடிவே எனக்கும் சரியாகப் படுகிறது. பாக்கெட்டின் ஐயத்தைப் பிடித்துக்கொண்டு இந்த மரணத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட நினைப்பவர்கள், தாங்கள் காக்க விரும்பும் விலங்குக்கே தீங்கு செய்கிறார்கள். ஒரு பொய்யைக் கண்டுபிடித்தவர் அடுத்து அவர்கள் சொல்லும் பத்து உண்மைகளையும் நம்ப மாட்டார்.

குப்பைமேட்டை மூடினால் போதும் என்றும் முடித்துவிட முடியாது. 2010 மார்ச்சில் அலாஸ்காவின் சிக்னிக் லேக் கிராமத்துக்கு வெளியே, சாலையில் ஓடிப் பயிற்சி செய்துகொண்டிருந்த 32 வயது ஆசிரியை ஒருவரை ஓநாய்கள் கொன்றன. மரபணுச் சோதனை அதை உறுதி செய்தது. அந்த ஓநாய்களுக்கு வெறிநோயும் இல்லை, மனித உணவுக்குப் பழகியதற்கான தடயமும் இல்லை. தனி ஆள், உயரம் குறைந்த உருவம், ஓட்டம். காரணம் தேடி இதற்கு மேல் போக வழியில்லை. அபூர்வமாக இப்படியும் நடக்கும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

எவ்வளவு அபூர்வம்? நார்வேயின் இயற்கை ஆய்வு நிறுவனத்துக்காக ஜான் லின்னெல் தலைமையில் நடந்த ஆய்வு 2002 முதல் 2020 வரை உலகெங்கும் நம்பத்தகுந்த செய்திகளைத் திரட்டியது. தாக்கப்பட்டவர்கள் 489 பேர், இறந்தவர்கள் 26 பேர். தாக்கப்பட்டவர்களில் 380 பேரைக் கடித்தவை வெறிபிடித்த ஓநாய்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சேர்த்து ஏறத்தாழ 75,000 ஓநாய்கள். அங்கே தாக்கப்பட்டவர்கள் 14 பேர், இறந்தவர்கள் மேலே சொன்ன அந்த இருவர் மட்டுமே. இடாஹோ வேட்டைக்காரரின் அச்சத்தை இந்த எண்ணோடு வைத்துப் பார்த்தால் அதற்கு நிற்க இடமில்லை. துப்பாக்கியோ வில்லோ ஏந்திய, முழு வளர்த்தியுள்ள ஆணை ஓநாய் இரையாகக் கருதுவதில்லை. தலைமுறை தலைமுறையாகச் சுடப்பட்ட விலங்கு அது. மனித வாடையை ஓநாய் எதனோடு சேர்த்து அறிந்திருக்கிறது என்பதை வேட்டைக்காரரைவிட நன்றாக யாரும் அறிய முடியாது.

இந்த இடத்தில் தீர்ப்பை எழுதிவிட்டு எழுந்து போகும் கட்டுரைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். அதே எண்ணை இந்தியாவிலும் ஒட்டி, ஓநாய் அப்பாவி என்று எழுதுகிறார்கள். அந்த எண் எந்த ஊரின் எண் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். காட்டில் மான் நிறைந்த ஊர், வெறிநோய் பெருமளவு ஒடுக்கப்பட்ட ஊர், குழந்தைகள் பூட்டிய வீட்டுக்குள் தூங்கும் ஊர்.

1993 ஏப்ரல் முதல் 1995 ஏப்ரல் வரை, அன்றைய பிகாரின் ஹசாரிபாக் பகுதியில் ஓநாய்கள் 80 குழந்தைகளைத் தாக்கின, 20 பேரைத்தான் மீட்க முடிந்தது. 1996-இல் கிழக்கு உத்தரப் பிரதேசத்தின் சுல்தான்பூர், ஜான்பூர், பிரதாப்கர் மாவட்டங்களில் 76 குழந்தைகள் தாக்கப்பட்டு ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஓநாய் வடிவில் வரும் மாய மனிதன் என்ற வதந்தி கிளம்பி, அப்பாவிகள் சிலர் கும்பலால் அடித்தே கொல்லப்பட்டார்கள். 2024-இல் பஹ்ரைச் மாவட்டத்தின் மஹ்சி பகுதியில் மீண்டும் அதே கொடுமை நடந்தது. குறைந்தது எட்டுப் பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள்.

1996 மரணங்களை நேரில் போய் ஆராய்ந்த ஒய். வி. ஜாலா, தினேஷ் குமார் சர்மா இருவரும் கண்டதை நான் இந்த வழக்கின் மையமாக வைக்கிறேன். காட்டு இரை அறவே குறைந்த வயல்வெளி அது. ஆடுகள் குடும்பத்தின் சொத்து என்பதால் நன்றாகக் காவல் காக்கப்பட்டன. கதவில்லாத குடிசையிலும் திறந்த முற்றத்திலும் குழந்தைகள் தூங்கினார்கள். கூலி வேலைக்குப் போன தாய்க்குப் பிள்ளைமேல் கண் வைத்திருக்க ஆள் இல்லை. ஓநாய்க்குக் கிடைத்த இரைகளில் காவல் குறைந்தது ஏழையின் பிள்ளை. இதே விலங்கு மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் ஆட்டு மந்தைகளைச் சுற்றிக் காலம் காலமாக வாழ்கிறது. அங்கே இடையர்கள் இழப்பது பெரும்பாலும் ஆட்டைத்தான்.

ஐரோப்பிய வரலாறும் இந்தப் பக்கமே நிற்கிறது. பிரான்சின் ழெவோதானில் 1764 முதல் 1767 வரை, ஓநாய் என்று கருதப்படும் விலங்குக்கு ஏறத்தாழ நூறு பேர் பலியானபோது, இரையானவர்களில் பலர் மாடு மேய்க்க அனுப்பப்பட்ட சிறுவர் சிறுமியரும் பெண்களும்தான். சுவீடனின் யீசிங்கேவில் 1820-21 பனிக்காலத்தில் 12 பேரைக் கொன்ற ஓநாய், குட்டியிலிருந்து மனிதர் கையில் வளர்ந்து தப்பியது. மனித பயம் என்பதையே அது கற்றிருக்கவில்லை.

ஆகவே கர்ரனும் சரி, அவரை மறுத்த வேட்டைக்காரர்களும் சரி, கேட்க வேண்டியவரைக் கேட்கவில்லை. ஓநாயால் ஆபத்து உண்டா என்பதை ஓநாய் ஒதுங்கிப் போகும் மனிதனிடம் கேட்டால் கிடைக்கும் பதில் அவனுக்கு மட்டுமே பொருந்தும். என் முடிவு இது. ஓநாய் மனிதனைக் கொல்லக்கூடிய விலங்கு. ஆயுதம் ஏந்திய வேட்டைக்காரருக்கு அதனால் வரும் ஆபத்து மிக மிகச் சிறியது, அந்த ஆபத்தைக் காரணம் காட்டி ஓநாய்களைச் சுட்டுத் தள்ளுவதற்கு நியாயமில்லை. வெறிநோய், குப்பைமேட்டுப் பழக்கம், இரையற்ற நிலம், காவலற்ற குழந்தை ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ சேரும் இடத்தில் ஆபத்து மெய்யானது. அங்கே ஆளைக் கொன்ற ஓநாயை அடையாளம் கண்டு உடனே அகற்றத்தான் வேண்டும். அதைத் தடுக்கும் விலங்கு நேசத்தை என்னால் ஏற்க முடியாது.

இந்தியாவில் மிஞ்சியிருக்கும் ஓநாய்கள் சுமார் 3,000. புலியைவிடக் குறைவு, புலிக்கு வாய்த்த அளவுக்குக் காப்பகங்களும் இவற்றுக்கு இல்லை. அவற்றைக் காக்க வேண்டும் என்று எழுதும் ஒவ்வொருவரும், அதே பக்கத்தில் மஹ்சியின் குடிசைகளுக்குக் கதவும், தெருவுக்கு விளக்கும், வீட்டுக்குக் கழிப்பறையும் வேண்டும் என்று எழுதுங்கள். வனத்துறையின் கூண்டு வந்து சேரும் முன்பே அந்தக் கதவு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.