தேனீயும் விலங்கும்: வில்லியம் அலெக்சாண்டரின் குடியேற்ற உரைநூல்

ஸ்காட்லாந்து மக்கள் பதினேழாம் நூற்றாண்டில் கடல் கடந்து குடியேறிய வரலாற்றை ஆராய்வோர் அடிக்கடி எடுத்தாளும் நூல்களுள் ஒன்று, சர் வில்லியம் அலெக்சாண்டர் 1624-இல் வெளியிட்ட ‘குடியேற்றங்களுக்கு ஓர் ஊக்கவுரை’ என்பதாகும். இதனை வரலாற்றாசிரியர் சான்றாகக் கொள்வர். இலக்கிய ஆய்வாளரோ அலெக்சாண்டரைக் காதற் பாக்களும் அவல நாடகங்களும் இயற்றிய அரண்மனைப் புலவராகவே அறிவர். புலவர் எழுதிய உரைநடையைப் புலவர்க்குரிய அளவுகோலால் அளந்து பாராமல் சான்றாக மட்டும் கொள்ளுதல் பிழைபட்ட முடிபுகட்கு இடந்தரும் என்பது எம் கருத்து. இந்நூலில் வரும் இரண்டு உவமைகளைக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வாம்.

ஸ்காட்லாந்தில் ஆறாம் ஜேம்ஸ் எனவும் இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் எனவும் வழங்கிய மன்னர், 1621 செப்டம்பரில் இலத்தீன் பட்டயம் ஒன்றின் வாயிலாக வட அமெரிக்காவின் கீழைக்கரையில் பெருநிலப்பரப்பொன்றை அலெக்சாண்டருக்கு வழங்கினார். அந்நிலம் ‘நோவா ஸ்கோஷியா’, அஃதாவது புதிய ஸ்காட்லாந்து, எனப் பெயர் பெற்றது. புதிய பிரான்சும் புதிய ஸ்பெயினும் புதிய இங்கிலாந்தும் இருத்தல் போலப் புதிய ஸ்காட்லாந்து ஒன்றும் இருந்தாலன்றித் தம் நாட்டார் இம்முயற்சியில் இறங்கார் எனத் தாம் எண்ணியதாக அவரே எழுதுகின்றார். குடிகள் செல்லுமுன் பெயர் சென்றது என்க. நூலோடு வெளிவந்த நிலப்படத்தில் செயிண்ட் குரோய் என்னும் ஆறு ‘துவீடு’ எனப்பட்டது. பழைய துவீடு இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் பிரிப்பது போல இப்புதிய துவீடு புதிய இங்கிலாந்தையும் புதிய ஸ்காட்லாந்தையும் பிரிக்கும் என்பது கருத்து. இது புலவர் செய்யும் வேலையே. நில அளவையாளர் செய்யும் வேலை அன்று.

இனி முதல் உவமையைக் காண்போம். மக்கட்பெருக்கம் மிக்க ஸ்காட்லாந்து, உழைப்பு மிக்க தேனீக்கள் கூட்டினின்று கூட்டமாக வெளியேறுவது போல, ஆண்டுதோறும் தன் மக்களை வெளியே விடுத்தது என்றும், அவருட் பலர் போலந்து நாட்டிலே கடும்பாட்டில் உழன்றனர் என்றும் அலெக்சாண்டர் கூறுவர். இவ்வுவமையே வரலாற்று நூல்களிற் பெரிதும் பயில்வது. உவமைக்கு அடியாகத் தொல்காப்பியர் கூறும் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் இது வினை பற்றியது. வினையளவில் உவமை பொருந்துகின்றது, புறப்பாடு உண்மை. மூட்டை சுமந்து ஊர் ஊராக விற்ற ஸ்காட்லாந்துச் சிறுவணிகர் போலந்தில் பல்லாயிரவர் வாழ்ந்தனர். லித்கோ என்னும் வழிப்போக்கர் அங்கு 30,000 குடும்பத்தார் இருந்தனர் என்று எழுதியது மிகைக்கூற்றாயினும், தொகை பெரிது என்பதில் ஐயமில்லை. பயன் பற்றி நோக்கின் நிலைமை வேறு. போலந்து சென்றோர் அனைவரும் பாடுபட்டே மடிந்தார் அல்லர். பலர் நகரக் குடியுரிமை பெற்றுச் செல்வராயினர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்தில் பிறந்த சால்மர்சு என்பார் வார்சா நகரத் தலைவராகப் பலமுறை விளங்கினார். அலெக்சாண்டர் போலந்தின் இழிவை மிகுத்துக் காட்டியதற்குக் காரணம் வெளிப்படை. அக்கூட்டத்தைத் தம் நிலத்திற்குத் திருப்புதல் வேண்டும் அன்றோ! ஆதலின் அத்தொடரைப் போலந்து வாழ்க்கைக்குச் சான்றாக அப்படியே கொள்ளுதல் பொருந்தாது.

இரண்டாம் உவமை அத்துணை எடுத்தாளப்படாதது. ஆயினும் நூலின் உயிர்நிலை அதுவே என்போம். பிறரை அவர்தம் இடத்தினின்று அகற்றாமலே நிலம் கொள்ளுதல் தம் விருப்பம் என அலெக்சாண்டர் சொல்லுகின்றார். இரத்தம் சிந்தி நாடு பிடித்தலினும் இஃது உயர்ந்த எண்ணமே. ஆனால் அவ்வெண்ணத்திற்குத் துணையாக அவர் காட்டும் காரணம் யாது? அந்நிலத்தில் மக்கள் இல்லை, அன்றேல் எந்த நிலத்தையும் தமதெனக் கொள்ளாது விலங்கின் பின் விலங்குபோல் இரைதேடித் திரிவோரே உளர் என்பது. அங்கு வாழ்ந்தவர் மிக்மாக் மக்கள். கோடையில் கடற்கரையில் மீன் பிடித்தும், மாரியில் உள்நாட்டில் வேட்டையாடியும், பருவந்தோறும் அறிந்த வழியே இடம் பெயர்ந்தனர். விரிகுடாக்களையும் ஆறுகளையும் எல்லையாகக் கொண்டு அவர்தம் தலைவர்கள் நிலத்தைப் பகுத்துக்கொண்டிருந்தனர் என்பதைப் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி பியார் 1616-இலேயே அச்சிற் பதிப்பித்துள்ளார். ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று. இரு உவமைக்கும் பொருளாகிய வினை ஒன்றே, அஃதாவது பிழைப்பு நாடி இடம் பெயர்தல். தம்மவர் பெயர்ந்தால் தேனீ. பிறர் பெயர்ந்தால் விலங்கு. உவமை உயர்ந்ததன்மேல் வருதல் வேண்டும் என்னும் மரபைத் தம் இனத்திற்குப் போற்றிய புலவர் அயலார்க்குக் கைவிட்டார். நிலவுரிமை பற்றிய முழு வழக்கும் இவ்வேறுபாட்டின்மேல் நிற்கின்றது. 

தேனீ தானே பறக்கும், குடிகளோ பறக்கவில்லை. 1622-இல் கர்க்குபிரி துறையினின்று புறப்பட்ட கப்பலுக்கு ஆள் கிடைப்பதே அரிதாயிற்று. கைத்தொழில் வல்லாருள் கொல்லர் ஒருவரே சேர்ந்தார். குருவும் ஒருவர் சென்றார். புயலால் அலைப்புண்டு அவர்கள் நியூபவுண்ட்லாந்தில் மாரியைக் கழித்தனர். மறு ஆண்டு உதவிக்கப்பல் சென்றபோது அவ்விருவரும் இறந்திருந்தனர். எஞ்சியோருட் சிலர் மீனவரிடம் வேலைக்கு அமர்ந்துவிட்டனர். உயிர்க்கும் உடற்கும் இன்றியமையாத இருவரும் மாண்டனர் என அலெக்சாண்டர் ஒளிவின்றி எழுதும் இப்பகுதியில் உவமையும் இல்லை, அலங்காரமும் இல்லை. நூல் முழுதிலும் சிறந்த உரைநடை இதுவே. நம் ஆற்றுப்படையில் வழி கூறுவோன் தான் சென்று பரிசில் பெற்று மீண்டவன். அலெக்சாண்டரோ அந்நிலத்தில் ஒருநாளும் கால் வைத்தவர் அல்லர். சென்றவர் வாய்மொழியைக் கேட்டு எழுதிய இவ்விடத்தில் மட்டும் அக்குறை தோன்றவில்லை.

பின்னிகழ்ந்தன சுருக்கமாகவே கூறத்தக்கன. 1625 முதல் ‘நோவா ஸ்கோஷியா பாரனெட்டு’ என்னும் பட்டம் வழங்கப்பட்டது. பட்டம் பெறுவோர் ஆறு ஆட்களை அனுப்புதல் வேண்டும், அன்றேல் 2,000 மெர்க்கு தருதல் வேண்டும். அதற்கு மேலும் 1,000 மெர்க்கு அலெக்சாண்டருக்குச் சேரும். எடின்பரோக் கோட்டையிலேயே அவர்கள் நிலவுரிமை ஏற்கலாம் என வகுக்கப்பட்டது. கடல் கடத்தல் வேண்டியதில்லை! அலெக்சாண்டரின் மகன் 1629-இல் போர்ட் ராயலில் நிறுவிய குடியிருப்பு, 1632-இல் செயிண்ட் ஜெர்மேன் உடன்படிக்கையால் பிரெஞ்சுக்காரர்க்குத் திருப்பித் தரப்பட்டது. அலெக்சாண்டர் 1640-இல் கடனாளியாகவே இறந்தார்.

பட்டயத்திற் பிறந்த நோவா ஸ்கோஷியா என்னும் பெயர் இன்றும் கனடாவின் மாநிலப் பெயராக நிலவுகின்றது. துவீடு எனப் பெயரிடப்பட்ட ஆறோ இன்றும் செயிண்ட் குரோயே. எந்த நிலத்தையும் தமதெனக் கொள்ளாதவர் எனப்பட்ட மிக்மாக் மக்கள் இட்ட பெயர்களுள் ஷுபெனகாடி முதலியன அம்மாநிலத்தில் ஊர்ப்பெயராகவும் ஆற்றுப்பெயராகவும் இன்றும் வழங்குகின்றன.