பள்ளியோடு நின்ற சைக்கிளும் அலுவலகம் வரை போன சைக்கிளும்

எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுப்பவருக்கு முதலில் தோன்றுவது உடற்பயிற்சிக்கூடம். அதற்கு மாதக் கட்டணம் வேண்டும், தினமும் ஒரு மணி நேரமாவது வேண்டும், அந்த நேரத்தில் வீட்டு வேலையை வேறொருவர் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். இந்த மூன்றும் ஒருசேர வாய்க்கும் குடும்பங்கள் குறைவு. வாய்க்கும் பெண்கள் அதைவிடக் குறைவு. சில வாரம் போய்ப் பார்த்து நின்றுவிடுகிறவர்கள் தங்களுக்கு மனவுறுதி போதவில்லை என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். அப்படி நொந்துகொள்ளத் தேவையில்லை என்பதே என் எண்ணம். தனியாக நேரம் ஒதுக்கிச் செய்யும் உழைப்பு எவருக்கும் எளிதில் நிலைப்பதில்லை. கடைக்கும் வேலைக்கும் போகிற வழியிலேயே உடம்பு உழைத்துவிட்டால் அந்த உழைப்பு ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒரே வெயில், ஒரே சோறு, ஏறத்தாழ ஒரே சைக்கிள். யாழ்ப்பாணத்தில் அந்தச் சைக்கிள் பெரியவர்களோடு அலுவலகம் வரை போனது. தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டது.

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடை உள்ளவர்கள். 2015–16இல் நடந்த முந்தைய ஆய்வில் இந்த எண்கள் 30.9, 28.2 என்றுதான் இருந்தன. ஐந்தாண்டு இடைவெளிக்கு இது பெரிய ஏற்றம். 2022 நிலவரத்தை வைத்து லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு, இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்று கணித்தது. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு என்பதே இங்கே அளவுகோல். இலங்கை சுகாதார அமைச்சு 2015இல் நடத்திய ஆய்வில் இத்தகையோர் ஏறத்தாழ 30 சதவீதம். ஆண்டும் முறையும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் இரண்டு நாட்டிலும் பெண்களே உழைப்பில் பின்தங்கியிருக்கிறார்கள். விடியற்காலை முதல் அடுப்படியில் நிற்கிற ஒருவரைப் போதிய உழைப்பு இல்லாதவர் என்று ஒரு கணக்கு சொல்கிறது என்றால், அவருக்கு ஓய்வும் இல்லை, மூச்சு வாங்கும்படியான அசைவும் இல்லை என்று பொருள். அவரிடம் போய்க் காலையில் ஒரு மணி நேரம் நடங்கள் என்பது பயனற்ற அறிவுரை.

யாழ்ப்பாணக் குடாநாடு தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம். நல்லூரிலிருந்து பட்டணத்துக்கோ, கொக்குவிலிலிருந்து திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ போக மேடு ஏற வேண்டியதில்லை. தூரமும் சில கிலோமீட்டர்தான். சைக்கிளுக்கு வாகான நிலம் அது. ஆனால் அங்கே அதை ஊன்றச் செய்தது உள்நாட்டுப் போர். 1990இல் போர் மறுபடி தொடங்கியபின் வடக்குக்கு எரிபொருள் போவது தடுக்கப்பட்டது, மின்சாரமும் இல்லை. ஐந்தாண்டுக்கு மேல் ஆசிரியரும் எழுதுவினைஞரும் வியாபாரியும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள், விறகும் நெல்மூட்டையும் அதில்தான் போயின. பற்றரி கிடைக்காத வீடுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டார்கள். அந்த ஐந்தாண்டில் ஒரு சமூக மாற்றமும் உறுதிப்பட்டது. சேலை உடுத்த ஆசிரியை சைக்கிளில் பாடசாலைக்குப் போவதை யாரும் ஏழ்மையின் அடையாளமாகப் பார்க்கவில்லை. எல்லோரும் போனதால் எவருக்கும் கூச்சம் இருக்கவில்லை. 2022இல் டொலர் தட்டுப்பாட்டால் இலங்கை முழுவதும் பெட்ரோல் தீர்ந்து, ஜூன் இறுதியில் தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டபோது, கொழும்பில் பலர் முதன்முறையாகச் சைக்கிள் தேடினார்கள், சைக்கிள் விலையும் ஏறியது. யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் மூலையில் நின்ற சைக்கிளுக்குக் காற்றடித்தால் போதுமாக இருந்தது.

தமிழ்நாட்டுக்கு இப்படியொரு கட்டாயம் நேரவில்லை. ஆனால் அங்கே சைக்கிளுக்குக் கிடைத்த அரசு ஆதரவு இலங்கையில் எந்நாளும் கிடைக்காத அளவு பெரியது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தது. கல்லுடைக்கும் பெண்களும் வயலில் வேலை செய்யும் பெண்களும் கிராமச் செவிலியரும் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதால் உலகம் அறிந்த மாற்றம் அது. பிறகு இலவச மிதிவண்டித் திட்டம் வந்தது. 2005–06 முதல் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவ மாணவியர் எல்லோருக்கும் சைக்கிள் கிடைத்தது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் புதுச் சைக்கிள்கள் வீடுகளுக்குப் போகிற மாநிலம் அது. அதே மாநிலத்தில் 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குப் போகும் பெண் ஸ்கூட்டர் வாங்க விலையில் பாதியை, 25,000 ரூபாய் வரை, மானியமாகத் தந்தது. பதினாறு வயதில் சைக்கிள், இருபத்தைந்து வயதில் ஸ்கூட்டர். இரண்டும் நல்ல நோக்கத்தோடு வந்தவை. ஸ்கூட்டர் பல பெண்களைத் தொலைவான வேலைக்கு அனுப்பியது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டும் சேர்ந்து ஓர் எண்ணத்தை ஊன்றிவிட்டன: சைக்கிள் படிக்கிற பிள்ளைக்கு உரியது, சம்பளம் வந்ததும் விட்டுவிட வேண்டியது.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மக்கள் அசைய வேண்டும் என்று பிறகு பலவகையில் முயன்றது. ஊராட்சிகளில் பூங்காவும் உடற்பயிற்சிக்கூடமும் கட்டினார்கள். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற பெயரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்தார்கள். சென்னையில் அது பெசன்ட் நகரில் இருக்கிறது. இவற்றைப் பயன்படுத்துவோருக்கு நன்மையே. ஆயினும் அங்கே போய்ச் சேர்வதற்கே நேரம் வேண்டும், பலருக்கு வண்டியும் வேண்டும். யாழ்ப்பாணத்திலும் பண்ணைக் கடற்கரையில் மாலையில் நடப்பவர்கள் உண்டு. அவர்களிலும் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவரும் வசதியுள்ளவருமே. சைக்கிளில் வேலைக்குப் போகிற எழுதுவினைஞருக்கு இந்தச் சிக்கல் இல்லை. நான்கு கிலோமீட்டர் போய் நான்கு கிலோமீட்டர் திரும்புகிறவர், மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில், நாளுக்கு 32 முதல் 40 நிமிடம் மிதிக்கிறார். ஐந்து வேலை நாளில் 160 முதல் 200 நிமிடம். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் அவர் கூடுதலாகச் செலவிட்ட நேரம் அநேகமாக ஒன்றுமில்லை. மழையானாலும் சோம்பலானாலும் வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதால் அந்த உழைப்பு விட்டுப்போவதும் இல்லை. போகிற இடம் இருந்தால் கால்கள் எவ்வளவும் போகும் என்பதற்குத் திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலை சுற்றுகிற கூட்டமும், வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு வாரக்கணக்கில் நடக்கிற அடியவர்களும் போதிய சான்று.

இதற்கு வரும் முதல் மறுப்பு கனமானது. பொருளாதாரத் தடையில் பிறந்த பழக்கத்தைப் புகழ்வது துன்பத்தைப் புகழ்வதாகாதா? அந்த ஆண்டுகளில் மருந்தில்லாமலும் உணவில்லாமலும் இறந்தவர்களை மறந்துவிட்டு எடைக் கணக்குப் பேசலாமா? கூடாது. இதே கேள்வி கியூபாவிலும் எழுந்தது. சோவியத் ஒன்றியம் சிதறியபின் அங்கே எரிபொருளும் உணவும் குறைந்தன. அரசு சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களை இறக்கியது. 1990களின் முற்பாதியில் மக்களின் எடை சராசரியாக ஐந்தரைக் கிலோ குறைந்தது, தொடர்ந்த ஆண்டுகளில் நீரிழிவாலும் இதயநோயாலும் நேரும் சாவுகள் குறைந்தன என்று 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு காட்டியது. அதே காலத்தில் ஊட்டக்குறைவால் சுமார் 50,000 பேருக்குப் பார்வை நரம்போ கை கால் நரம்புகளோ பாதிக்கப்பட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பட்டினியையும் உழைப்பையும் பிரித்துப் பார்த்தால்தான் இதிலிருந்து பாடம் எடுக்க முடியும். கியூபாவில் வளம் திரும்பியதும் எடையும் திரும்பியது, நீரிழிவும் ஏறியது. கட்டாயம் கொண்டுவந்த பழக்கம் கட்டாயத்தோடு போய்விடும் என்பது அங்கே தெரிந்தது. ஆகவே தட்டுப்பாடு இல்லாத காலத்திலும் சைக்கிள் வசதியாக இருக்கும்படி தெருவையும் அலுவலகத்தையும் அமைப்பதுதான் வேலை.

இரண்டாவது மறுப்பு மருத்துவர்கள் சொல்வது: சைக்கிள் மிதித்து எவ்வளவு எடை குறைந்துவிடும்? உண்மைதான், அதிகம் குறையாது. 60 கிலோ எடையுள்ளவர் முக்கால் மணி நேரம் மெதுவாக மிதித்தால் சுமார் 200 கலோரி செலவாகும். இரண்டு வடையில் அது திரும்பிவிடும். எடை இறங்குவது பெரும்பாலும் தட்டில்தான் தீர்மானமாகிறது: சோற்றின் அளவு, தேங்காய், எண்ணெய், நாளுக்கு நாலைந்து தடவை குடிக்கும் தேநீரின் சீனி. இந்த விஷயத்தில் இலங்கை அரசு இந்தியாவைவிடத் தெளிவாகச் செயல்பட்டது. இனிப்புப் பானங்களில் சீனி அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறத்தால் காட்ட வேண்டும் என்று 2016இலும், சீனிக்கு ஏற்ப வரி என்று 2017இலும் விதி கொண்டுவந்தது. ஆனால் இறங்கிய எடை மறுபடி ஏறாமல் இருப்பதுதான் பலருக்குக் கடினம், அந்த இடத்தில் அன்றாட உழைப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நிறைய எடை இழந்து பல ஆண்டு காத்துக்கொண்டவர்களைப் பதிவுசெய்யும் அமெரிக்கப் பதிவேட்டில் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேரம் உடலுழைப்புச் செய்பவர்கள். எடையைத் தள்ளிவைத்தாலும் ஆதாயம் இருக்கிறது. பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவில், சைக்கிளில் வேலைக்குப் போவோருக்கு அகால மரண ஆபத்து 41 சதவீதம் குறைவாக இருந்தது. சைக்கிள் ஓட்டுவோர் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள் என்பதால் அந்த எண்ணில் ஒரு பகுதி அப்படி வந்திருக்கலாம். முழுவதையும் அதைக் கொண்டு விளக்கிவிட முடியாது.

மூன்றாவது மறுப்புக்கு நான் பெருமளவு உடன்படுகிறேன். தமிழ்நாட்டுச் சாலையில் சைக்கிளில் போவது ஆபத்து. 2022இல் இந்திய மாநிலங்களிலேயே அதிகமாக, 64,105 சாலை விபத்துகள் தமிழ்நாட்டில் நடந்தன; 17,884 பேர் இறந்தார்கள். இலங்கை முழுவதிலும் ஆண்டுக்கு இறப்பவர்கள் ஏறத்தாழ 2,500. தமிழ்நாட்டின் மக்கள்தொகை இலங்கையைப் போல மூன்றரை மடங்கு, சாலைச் சாவோ ஏழு மடங்கு. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு மகளிடம் ஸ்கூட்டியிலோ பேருந்திலோ போ என்று சொல்லும் தாயைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. சென்னை மாநகராட்சி 2014இலேயே, இந்திய நகரங்களில் முதலாவதாக, நடப்போருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்று, போக்குவரத்துச் செலவில் 60 சதவீதமாவது அதற்கு ஒதுக்குவதாக அறிவித்தது. தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019இல் அகலமான நடைபாதை வந்தது. நகரின் மற்றப் பகுதிகளில் அந்தக் கொள்கையின் தடம் மெலிதாகவே தெரிகிறது. வெயில் என்ற காரணத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்து வெயில் ராமநாதபுரத்து வெயில்தான். காலை எட்டரைக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் போய்வருகிற தூரத்தை வெயில் தடுப்பதில்லை, நிழல் தரும் மரத்தை வெட்டிய சாலைதான் தடுக்கிறது.

யாழ்ப்பாணமும் இப்போது அதே வழியில் போகிறது. 2009இல் போர் முடிந்தபின், தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை வழியாகக் குத்தகை நிறுவனங்களும் வந்தன. தவணையில் மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டியும் வீடு சேர்ந்தன. சேலையில் சைக்கிள் ஓட்டும் பெண்களை இன்றும் காணலாம் என்றாலும் அவர்களில் இளையவர்கள் குறைவு. 2020 முதல் ஐந்தாண்டு இருந்த வாகன இறக்குமதித் தடை 2025இல் நீங்கியபின் இந்த மாற்றம் விரைவுபடும். குடாநாட்டில் தட்டை நிலமும் குறுகிய தூரமும் இன்னும் இருக்கின்றன. பாடசாலைகளையும் சந்தைகளையும் ஒட்டிய உள்வீதிகளில் வேகத்தைக் கட்டுப்படுத்தினால் அங்கே சைக்கிள் தங்கும். தமிழ்நாட்டில் தேவை வேறு. அங்கே சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. பிளஸ் டூவுக்குப் பின் அதற்கு இடமில்லை. கல்லூரியிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் பேருந்து நிலையத்திலும் பூட்டி நிறுத்த நிழலான, கட்டணமில்லாத ஸ்டாண்டு வேண்டும். ஸ்கூட்டருக்கு மானியம் தந்த அரசு, வேலைக்குச் சைக்கிளில் வருபவருக்கும் ஏதேனும் தர வேண்டும்.

சட்டமும் திட்டமும் வரும்வரை காத்திருக்க முடியாதவர் வீட்டுச் சைக்கிளிலேயே தொடங்கலாம். மிதி கீழே இருக்கும்போது கால் ஏறத்தாழ நீளும்படி சீட்டை உயர்த்த வேண்டும். தாழ்ந்த சீட்டில் மிதித்துத்தான் பலர் முழங்கால் வலியோடு விட்டுவிடுகிறார்கள். வாரம் ஒருமுறை காற்றுப் பார்க்க வேண்டும், காற்றிறங்கிய டயர் உழைப்பை வீணாகத் தின்றுவிடும். முதல் மாதம் பெரிய சாலையைத் தொடாமல், இரண்டு கிலோமீட்டருக்கு உட்பட்ட கடை, கோயில், பிள்ளையின் டியூஷன் என்று மட்டும் போய்வரலாம். உழைப்பு பத்து நிமிடமாவது தொடர்ந்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை உலக சுகாதார நிறுவனம் 2020இல் கைவிட்டுவிட்டது. ஏழு நிமிடத்தில் கறிவேப்பிலை வாங்கி வருவதும் அந்த 150 நிமிடத்தில் சேரும்.