பதினோராம் படியில் மௌனம்

தாமஸ் கீட்டிங் என்ற அமெரிக்கத் துறவி 2009-இல் வெளியிட்ட 'தெய்விகச் சிகிச்சையும் அடிமைத்தனமும்' என்னும் நூல் துணிவான ஒரு கருத்தை முன்வைக்கிறது. போதைக்கு அடிமையானவர் நாள்தோறும் மௌன செபத்தில் அமர்ந்தால், இறைவனே மருத்துவராக இருந்து அவர் அடிமனத்தின் பழைய காயங்களை மேலே கொண்டுவந்து ஆற்றுகிறார் என்பது அவர் வாதம். குடும்பங்களையே குலைத்துப்போடும் ஒரு நோய்க்கு மருந்தென்று சொல்லப்படுவதைப் பக்தியால் மட்டும் ஏற்பதும் தவறு; மதம் சார்ந்தது என்பதற்காகவே தள்ளுவதும் தவறு. எடைபோட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பென்சரில் உள்ள புனித சூசையப்பர் மடத்தில், 1970-களில், கீட்டிங், வில்லியம் மெனிங்கர், பேசில் பென்னிங்டன் ஆகிய மூன்று துறவிகள் இந்தச் செபமுறைக்கு வடிவம் கொடுத்தார்கள். எழுதியவர் பெயர் தெரியாத 14-ஆம் நூற்றாண்டு ஆங்கில நூலான 'அறியாமையின் மேகம்' இதன் ஊற்று. நாளுக்கு இருமுறை, இருபது இருபது நிமிடம் அமர வேண்டும். மன்றாட்டு கிடையாது. இறைவனின் இருப்புக்கு இசைகிறேன் என்பதன் அடையாளமாக ஒரு சிறு சொல் போதும். எண்ணம் இழுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் அதோடு மல்லுக்கட்டாமல் அந்தச் சொல்லுக்குத் திரும்புவதே முழுப் பயிற்சியும்.

குடிநோயோடு இதற்கு உள்ள தொடர்பு செயற்கையானதல்ல. 1935-இல் ஒகையோ மாநிலத்தின் அக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய, குடியிலிருந்து மீள்பவர்களின் தோழமை அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.), காலையில் அமைதியாக அமரும் வழக்கத்தை ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்திடமிருந்து பெற்றது. 1939-இல் அச்சான அதன் மீட்புவழியான பன்னிரண்டு படிகளில் பதினோராவது படி செபத்தையும் தியானத்தையும் கேட்கிறது. எப்படிச் செய்வது என்பதை அந்தப் படி சொல்வதில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் கீட்டிங் நிரப்ப முயன்றார்.

முறையில் நியாயம் இருக்கிறது. ஆசை எழுந்த மறுகணமே கை கிளாஸைத் தேடுவது இந்நோயின் இயல்பு. எழுந்த எண்ணத்தை விரட்டாமலும் அதன் பின்னால் ஓடாமலும் இருக்கப் பழகியவருக்கு, ஆசைக்கும் செயலுக்கும் நடுவே சற்று இடம் கிடைக்கிறது. மனவலிமையால் குடியை வென்றுவிடுவேன் என்று சபதம் போட்டுத் தோற்றுப்போனவருக்கு, வெல்லவேண்டிய கட்டாயமே இல்லாத பயிற்சி இது.

ஆனால் நியாயமாகத் தோன்றுவது நடந்தே தீரும் என்பதில்லை. வில்லியம் மில்லர் போதைச் சிகிச்சையில் புகழ்பெற்ற உளவியலாளர். ஆன்மிகத்தின் இடத்தைத் தீவிரமாக ஆராய்ந்தவர். சிகிச்சை பெற்றுவந்தவர்களுக்கு ஆன்மிக வழிகாட்டுதலும் அளித்துப் பார்த்த இரண்டு சோதனைகளின் முடிவை அவர் குழு 2008-இல் வெளியிட்டது. குடியிலோ போதைப்பொருள் பயன்பாட்டிலோ அது எந்த மாற்றத்தையும் தரவில்லை. எதிர்பார்ப்புக்கு மாறான முடிவை ஒளிக்காமல் அச்சிட்ட நேர்மைக்கு இத்துறை கடன்பட்டிருக்கிறது.

எதிர்த்தட்டில் உளவியலாளர் சாரா போவென் குழுவின் 2014 ஆய்வு. முதற்கட்டச் சிகிச்சையை முடித்த 286 பேரில், விழிப்புநிலைத் தியானம் சார்ந்த பயிற்சி பெற்றவர்கள் ஓராண்டு கழித்து மற்றவர்களைவிடக் குறைந்த நாட்களே போதைப்பொருளைத் தொட்டார்கள். அளவுமீறிய குடியும் அவர்களிடம் குறைந்திருந்தது. இரு ஆய்வுகளிலும் முறை வேறு, ஆட்கள் வேறு. எனவே இந்த ஒப்பீடு ஒரு குறிப்புதான், நிரூபணமாகாது. ஆயினும் முதற்கட்டம் முடிந்தபின் கற்றபோது பயிற்சி பலன் தந்தது என்பது கவனத்துக்குரியது. போவென் கற்பித்த பயிற்சிக்குக் கடவுள் நம்பிக்கை தேவைப்படவில்லை என்பதையும் கீட்டிங்கின் அன்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

நீண்டகாலம் குடிக்காமல் இருக்கும் ஏ.ஏ. உறுப்பினர்கள் 20 பேரிடம், செபத்தைப் படித்தபின் குடிக்கும் ஆசை தணிந்ததை மனநல மருத்துவர் மார்க் கலான்டரின் குழு மூளை ஸ்கேனுடன் பதிவு செய்தது. அது மீண்டுவிட்டவர்களின் சான்று. மீளாதவரை அது மீட்குமா என்பதற்கு அதில் விடை இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை அலசி 2020-இல் வெளியிட்ட மதிப்பீடு இன்னும் வலுவானது: ஏ.ஏ.வை நோக்கி வழிநடத்தப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் முற்றிலும் குடிக்காமல் இருந்தார்கள். பிற சிகிச்சைகளில் அது 35 சதவீதம். இந்த வெற்றியைச் செபத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஏ.ஏ. எப்படிப் பலன் தருகிறது என்று ஆராய்ந்த ஜான் கெல்லியின் பகுப்பாய்வுகளில் பெரும்பங்கு பழகும் வட்டம் மாறுவதற்கும், குடிக்காமல் இருக்க முடியும் என்ற தன்னம்பிக்கைக்கும் போகிறது. நோய் முற்றியவர்களிடம் ஆன்மிகத்தின் பங்கும் கூடுகிறது. ஆகவே மௌனத்தின் பங்கு மெய், அது துணைப்பங்கு.

தீங்குகளையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிரே போகலாம். அங்கே மருத்துவமனை மட்டுமே விடை. அடிமனக் காயங்கள் மேலெழும் என்று கீட்டிங்கே சொல்கிறார். வன்முறைக்கு ஆளானவர் ஒருவர், போதை என்ற மறைப்பும் போய், கண்மூடித் தனியே அமரும்போது எழுவது ஆறுதலாகத்தான் இருக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. பில் வில்சனே குடியை விட்டபின் பல ஆண்டுகள் மனச்சோர்வில் துன்புற்றார். கட்டாயப்படுத்துவதும் பெருந்தவறு. இந்தச் செபத்தின் உயிரே இசைவுதான். பரோலில் இருப்பவர்களை மத உள்ளடக்கம் கொண்ட மீட்புத் திட்டத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-இல் கூறியது ஆன்மிக நோக்கிலும் சரியானதே.

என் தீர்ப்பு இது. 'தெய்விகச் சிகிச்சை' என்ற கோட்பாடு மருத்துவக் கூற்றாக நிற்காது. சோதிக்க வழியில்லாததை நோயாளிக்கு உறுதிமொழியாகக் கொடுக்கக் கூடாது. பயிற்சியோ அந்தக் கோட்பாட்டைவிட உறுதியானது. உடல் தெளிந்து, ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகும் பழக்கம் ஊன்றி, மேலெழுவதைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஆளும் இருந்து, தானே விரும்பி வருபவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நடுக்கம் நிற்காதவருக்கும், தனித்து விடப்பட்டவருக்கும், ஆணையால் வந்தவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். குற்றவுணர்வில் நொந்து, தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று நம்பிவிட்ட ஒருவர், எதையும் நிரூபிக்காமல் இருபது நிமிடம் ஏற்கப்பட்டவராக அமர்வது சிறிய நன்மையல்ல. நம்பிக்கையாளருக்கு அதை வேறெதுவும் அவ்வளவு எளிதாகத் தருவதில்லை. பன்னிரண்டு படிகளை வகுத்தவர்கள் தன் குறைகளை எழுதிப் பார்ப்பதையும், இன்னொருவரிடம் ஒப்புக்கொள்வதையும், இழைத்த தீங்குக்கு ஈடு செய்வதையும் முன்னால் வைத்துவிட்டு, தியானத்தைப் பதினோராவதாக வைத்தார்கள். அந்த வரிசையை மதிக்கும்வரை மௌன செபம் நல்ல துணை; மதிக்காதபோது அது நோயாளிக்கு இழைக்கும் அநீதி.