தொழுகைக்கூடமும் தொழுவமும்

ஒரு கட்டடத்தின் ஆயுளைக் கல்லும் சுண்ணாம்பும் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதற்குள் வந்துபோகும் மனிதர்களும் தீர்மானிக்கிறார்கள். சென்னைக்கு மேற்கே பூவிருந்தவல்லியில், கோல்கொண்டா ஆட்சிக் காலத்தில் 1653இல் ருஸ்தம் என்பார் எழுப்பிய பள்ளிவாசல் இதற்கொரு சான்று. கோல்கொண்டா மறைந்தது, ஆற்காட்டு நவாபுகளும் ஆங்கிலேயரும் வந்து சென்றனர். தொழுவோர் இருந்தமையால் பள்ளியும் இருந்தது. தொழுவோர் அகன்றுவிட்ட கூடம் என்னவாகும்? இவ்வினாவுக்கு விடைதேட நாம் டெல்லியின் பேகம்பூருக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

முகம்மது பின் துக்ளக் அமைத்த ஜஹான்பனா நகரத்தின் பெரும்பள்ளியாக 14ஆம் நூற்றாண்டில் எழுந்தது பேகம்பூர் பள்ளிவாசல். அதைக் கட்டியவர் அந்தச் சுல்தானா, அல்லது ஃபிரோஸ் ஷாவின் அமைச்சர் கான் ஜஹானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. உயர்ந்த மேடை, மூன்று வாயில்கள், பரந்த முற்றம், அதைச் சூழ்ந்த வளைவு மண்டபங்கள், கிப்லாத் திசையில் ஓங்கி நிற்கும் முகப்பு என்று, அலங்காரத்தை நாடாமல் அளவாலேயே மனத்தை ஆட்கொள்ளும் கட்டடம் அது. அரசர்கள் புதிய தலைநகரங்களை நாடிச் சென்றபின் ஜஹான்பனா தேய்ந்தது. பள்ளியின் மதில்களுக்குள் ஓர் உழவர் கிராமம் குடியேறியது. வளைவுகள் சுவர் வைத்து அடைக்கப்பட்டு வீடுகளாயின. தொழுகைக்கு அணிவகுத்த இடம் தானியத்துக்கும் வைக்கோலுக்கும் கால்நடைக்கும் இடமாயிற்று. 1920களில் தொல்லியல் துறை அந்தக் குடிகளை வெளியேற்றி வளாகத்தைத் தன்வசப்படுத்தியது.

இவ்வரலாற்றைக் கூறும் நம்மவர் எழுத்துகள் பெரும்பாலும் ஒரே சுருதியில் ஒலிக்கின்றன: ‘தொழுகைக்கூடம் தொழுவமாயிற்றே!’ இவ்வேதனை நியாயமானதே. ஸஜ்தா செய்யப்பட்ட தரையில் மாடு கட்டப்பட்டது என்று கேட்கும் முஸ்லிமின் உள்ளம் நோகாமல் இராது. ஆயினும் வேதனை வேறு, மதிப்பீடு வேறு. அந்த உழவர்கள் பள்ளியைக் கைப்பற்றித் தொழுவோரை விரட்டியதாக எண்ணிக்கொண்டு பேசுவது வரலாறன்று. நகரமே கைவிட்ட கூடத்தில் அவர்கள் மழைக்கும் கள்வருக்கும் அஞ்சி ஒதுங்கினார்கள். அடுப்புப் புகை கூரையைக் கறுக்கச் செய்தது உண்மை. வளைவுகளை அடைத்தது கட்டடத்தின் முகத்தைச் சிதைத்ததும் உண்மை. ஆனால் தம் குடும்பம் உறங்கும் கூரையை எவரும் இடித்து விற்பதில்லை.

அருகிலுள்ள பிஜய் மண்டலோடு இதை ஒப்பிடுதல் தகும். இப்னு பதூதா தம் பயண நூலில் வருணித்த ‘ஹஸார் சுதூன்’ என்னும் ஆயிரங்கால் அரசவைக்கூடம் அங்குதான் இருந்ததென ஆய்வாளர் கருதுகின்றனர். வண்ணம் தீட்டிய மரத்தூண்கள் தாங்கிய அக்கூடத்தில் எஞ்சியவை தூண்களை நட்ட கல்லடிகளே. மரம் அழிவதும் கல் நிற்பதும் இயல்பு. எல்லாப் புகழையும் உழவருக்கே அளித்துவிட முடியாது. எனினும் சுல்தானின் கூடம் சுவடாகிப்போக, வைக்கோல் அடைந்த கூடம் நிமிர்ந்து நிற்பதைக் காணும்போது ‘இழிவான பயன்பாடு’ என்ற சொல்லை நாம் சற்று நிதானித்தே ஆள வேண்டும்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. வேல்ஸ் நாட்டின் டிரெட்டவர் மாளிகை வான் என்னும் பிரபுக் குடும்பத்தின் இல்லம். அக்குடும்பம் 18ஆம் நூற்றாண்டில் நீங்கியபின் அதன் இடைக்காலக் கூடம் பண்ணைக் கட்டடமாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் அரசு அதைப் பாதுகாப்பில் எடுத்துச் சீரமைத்தது. இன்று அக்கூடம் 15ஆம் நூற்றாண்டுக் கோலத்தில் காட்டப்படுகிறது. அங்கும் இங்கும் நிகழ்ந்தது ஒன்றே: பல காலங்கள் வாழ்ந்த கட்டடத்தில் ஒரே ஒரு காலம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஆனால் டிரெட்டவரில் விருந்துக்கூடம் விருந்துக்கூடமாகவேனும் காட்டப்படுகிறது. பேகம்பூரின் நிலை வேறு. பாதுகாக்கப்பட்ட வேளையில் வழிபாடு நடந்த இடங்களிலேயே அது தொடரலாம் என்பது தொல்லியல் துறையின் பொது நெறி. அவ்வேளையில் பேகம்பூரில் இருந்ததோ கிராமம். கிராமம் அகற்றப்பட்டது, தொழுகை திரும்பவில்லை. தொழுகைக்கூடமும் அன்று, தொழுவமும் அன்று என்ற மூன்றாம் நிலையில் அது வெறுமையாய் நிற்கிறது. 1904ஆம் ஆண்டுச் சட்டமும் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் கல்லைக் காத்தன. 2010இல் வந்த திருத்தம் சுற்றிலும் 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைத் தடுத்தது. இவற்றின் நன்மையை நாம் மறுக்கவில்லை. கல்லைக் காப்பது பாதிக் கடமை. அக்கல்லோடு வாழ்ந்தவர்களின் வரலாற்றைக் காப்பது மறுபாதி. இம்மறுபாதி இன்னும் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்பதே நம் குற்றச்சாட்டு.

மறுபாதிக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1847இல் சர் சையத் அஹ்மத் கான் ‘ஆஸாருஸ் ஸனாதீத்’ நூலில் டெல்லியின் கட்டடங்களைப் பதிவுசெய்தார். பின்னர் தொல்லியல் துறையின் ஸஃபர் ஹஸன் 1916 தொடங்கி வெளியான தொகுதிகளில் ஒவ்வொரு கட்டடமும் யாருக்கு உரியது, எந்நிலையில் உள்ளது என்பதை ஒளிவின்றிக் குறித்தார். புலம்பலைவிட அத்தகைய குறிப்புகளே பிற்காலத்தவருக்குப் பயன்படுகின்றன.

தமிழகத்துக்கு இது தொலைவான செய்தியன்று. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கல்தூண் மண்டபங்களாக எழுந்த நம் பழம்பள்ளிகளுக்குத் தொழுவோர் குறைவில்லை. அவற்றைப் போன்ற பள்ளிகளை நெருங்கும் ஆபத்து வைக்கோல் வடிவில் வரவில்லை. விரிவாக்கம் என்ற பெயரில் வருகிறது. தூணை எண்ணெய் வண்ணம் மூடுகிறது. கல்வெட்டைப் பளிங்கு மூடுகிறது. இடம் போதவில்லையென்று மண்டபமே இடிகிறது. பெருகும் ஜமாஅத்துக்கு இடம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பேகம்பூரின் உழவர் வைத்த சுவரைப் பின்னாளில் அகற்ற முடிந்தது. நாம் இடித்த மண்டபத்தை எவரால் மீட்க இயலும்? பழுதுபார்க்கும் முன் அளந்து வரைதல், நிழற்படம் எடுத்தல், கல்வெட்டைப் படியெடுத்தல், வக்ஃப் ஆவணங்களோடு ஒப்பிடுதல் ஆகிய நான்கையும் ஒவ்வொரு நிர்வாகமும் கடமையாகக் கொள்ள வேண்டும். அதன்பிறகே கடப்பாறையை எடுப்பதா என்ற ஆலோசனை தொடங்கட்டும்.