அமெரிக்கக் குடியேற்ற நாவலும் முதற்பொருளும்

சரித்திர நாவல் என்றதும் நம்மவர் மனக்கண்முன் அரண்மனையும் போர்க்களமும் தோன்றுதல் வழக்கம். அமெரிக்கச் சரித்திர நாவல்களுள் ஒரு பெருங்கிளை இவ்வழக்கிற்குப் புறம்பானது. அங்கே முடிதரித்தவர் எவருமிலர். கூண்டுவண்டியில் மேற்கு நோக்கிச் சென்ற ஏழைக் குடியானவனே தலைவன். கோடரியும் கலப்பையுமே அவன் படைக்கலங்கள். இத்தகைய நாவலை எழுதப் புகுவோர் ஆணியின்றிக் கதவு செய்தது எவ்வாறு, விறகற்ற வெளியில் அடுப்பெரித்தது எவ்வாறு என்பன போன்ற வினாக்களுக்கு விடை தேடல் வேண்டும்.

இத்துறையிற் பெரும்பெயர் பெற்றவர் லோரா இங்கல்ஸ் வைல்டர் (1867–1957). 1932 முதல் 1943 வரை வெளிவந்த அவருடைய எட்டு நூல்களையும் சிறுவர் நூல் என்றும் தன்வரலாறு என்றும் கூறி அமைவாருளர். 1935ஆம் ஆண்டில் வெளிவந்த ‘லிட்டில் ஹவுஸ் ஒன் த பிரேரி’ என்னும் நாவலை நோக்குவோர் அங்ஙனம் அமையார். அதன் களமாகிய கன்சாஸ் புல்வெளியில் அக்குடும்பம் வாழ்ந்தது 1870ஐ ஒட்டிய காலத்தில். ஆசிரியைக்கு அப்போது வயது மூன்று. பெற்றோர் சொன்ன கதைகள், மகள் றோஸ் வைல்டர் லேனின் துணை, வரலாற்றுக் கழகத்துக்கு எழுதி விசாரித்த செய்திகள் ஆகியவற்றைக் கொண்டே நாவல் கட்டப்பட்டது. வீடிருந்த இடத்தைத் தாயும் மகளும் தேடியும் சென்றனர். இன்டிபென்டன்ஸ் நகரிலிருந்து அது 40 மைல் என வைல்டர் நம்பியமையால் ஒக்லஹோமாவில் தேடினர். உண்மையில் அவ்விடம் கன்சாஸிலேயே, நகரிலிருந்து ஏறத்தாழ 13 மைலில் உள்ளது.

நம் இலக்கணத்தார் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தனர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து உணவு, விலங்கு, தொழில், மக்கள் முதலியன கருப்பொருள். மாந்தர்தம் உணர்வொழுக்கம் உரிப்பொருள். மேல்நாட்டு நாவலுக்கு இக்கோலை நீட்டுவதோ என ஆசிரிய நண்பர் சிலர் நகைக்கக்கூடும். இந்நாவலின் நிறையையும் குறையையும் இதனினுந் தெளிவாய்க் காட்டுங் கோல் எனக்குக் கிடைத்திலது.

கருப்பொருளில் வைல்டரை விஞ்சுவார் அரியர். தந்தை மரமுளைகளும் தோற்பிணைச்சலுங் கொண்டு கதவமைக்கும் பகுதியைப் படித்த மாணவன் தானும் ஒரு கதவு செய்துவிடலாம் என எண்ணுவான். கிணறு தோண்டும் பகுதி இன்னுஞ் சிறந்தது. ஒவ்வொரு நாளும் இறங்குமுன் தந்தை மெழுகுதிரியைக் கொளுத்தி உள்ளே இறக்கிப் பார்க்கின்றார்; சுடர் அணையின் நச்சுக்காற்று உளது என்பது பொருள். அயலவரோ அதனை வீண்வேலை எனக் கருதி, ஒருநாள் சோதியாது இறங்கி மயங்கி வீழ்கின்றார். ஆராய்ந்து பெற்ற செய்தி கதையின் நரம்பாகிவிடுவதை இங்கே காண்கிறோம். 1940இல் வெளிவந்த ‘த லோங் வின்டர்’ நாவலும் இத்தகையதே. 1880–81ஆம் ஆண்டு மாரியிற் பனிப்புயலால் புகையிரதம் நின்றுபோக, டக்கோட்டாவின் டி ஸ்மெற் ஊரார் வைக்கோலை முறுக்கி எரித்தும், கோப்பி அரைக்கும் கைப்பொறியிற் கோதுமையை அரைத்தும் உயிர் தாங்கினர்.

அம்மாரிக்காலம் முழுவதும் வேறோர் இளந்தம்பதியர் கைக்குழந்தையோடு இங்கல்ஸ் வீட்டிலேயே தங்கியிருந்தனர். நாவலில் அவர்கள் இல்லை. தனித்த ஒரு குடும்பத்தின் பசியையும் பொறுமையையும் காட்டுதற்கு இவ்விடுபாடு துணைசெய்கின்றது. உரிப்பொருள் சிறக்கச் செய்த இம்மாற்றத்தை யான் குறைகூறேன்.

முதற்பொருளிலேதான் இடர்ப்பாடு. கன்சாஸில் இங்கல்ஸ் குடும்பம் வீடு கட்டிய நிலம் ஒசேஜ் மக்களுடையது. நாவலின்படி, குடியேறிகளை வெளியேற்ற அரசாங்கப் படை வருகின்றது எனக் கேட்டுத் தந்தை வெகுண்டு புறப்படுகின்றார். வரலாறு வேறு. 1870 யூலையில் இயற்றப்பட்ட சட்டம் ஒசேஜ் மக்களை இந்தியப் பிரதேசத்துக்கு அகற்றவும், அவர்தம் நிலத்தைக் குடியேறிகளுக்கு ஏக்கர் ஒன்று 1.25 டொலர் வீதம் விற்கவும் வகைசெய்தது. இங்கல்ஸ் குடும்பம் விஸ்கொன்சினுக்கு மீண்டதோ, அங்கே அவர்களது பண்ணையை வாங்கியவர் விலையைச் செலுத்த இயலாமற் போனமையால். நிலத்தை இழந்தோர் ஒருவர். இழந்ததாகக் கதையில் இரங்கப்படுவோர் மற்றொருவர். ஒரு பெயரையோ தொலைவையோ மாற்றியதோடு இதனை ஒப்பிடலாகாது.

ஆசிரியை இதனை உணராதவர் என்றுங் கூறுதற்கில்லை. தம் நிலத்தைவிட்டுப் போகச் சொன்னால் அவர்கள் சினங்கொள்ளாரோ எனச் சிறுமி தந்தையை வினவுகின்றாள். இனிக் கேள்வி வேண்டா, உறங்கு என்பதே அவள் பெற்ற மறுமொழி. ஒசேஜ் மக்கள் நிரைநிரையாகக் கடந்து செல்லும் பகுதியும் நெஞ்சை அழுத்துவதே. ஆயினும் வேறோரிடத்தை இதனோடு வைத்து நோக்கல் வேண்டும். குடும்பம் முழுவதும் குளிர்காய்ச்சலில் வீழ்ந்தபோது, வத்தகைப்பழம் உண்டமையே காரணம் என்கின்றாள் அயலாள் ஒருத்தி. உடனே ஆசிரியை கதைக்கு வெளியே வந்து, அது மலேரியா என்பதும் நுளம்பினால் வருவது என்பதும் அந்நாளில் அறியப்படவில்லை எனத் திருத்துகின்றார். நுளம்பைப் பற்றிப் பிற்காலத்தார் அறிந்ததைச் சொல்ல அவருக்கு இடமிருந்தது. நிலவுரிமையைப் பற்றிச் சொல்ல இடமிருக்கவில்லை!

அப்புல்வெளியில் மனிதர் இல்லை, இந்தியரே வாழ்ந்தனர் என்னும் பொருள்பட நூலின் தொடக்கத்தில் அமைந்திருந்த கூற்று, வாசகர் ஒருவரின் முறைப்பாட்டின் பின் 1953ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘மனிதர்’ என்பது ‘குடியேறிகள்’ எனத் திருத்தப்பட்டது. ஆசிரியை தவற்றை ஒப்புக்கொண்டார். அது அவர் பெருமை. ஒரு சொல்லைத் திருத்தினரேயன்றிக் கதையின் அடிநிலத்தைத் திருத்தினரல்லர். அமெரிக்கச் சிறுவர் நூலகச் சங்கம் 1954 முதல் வைல்டர் பெயரால் வழங்கிய விருதின் பெயரை 2018இல் மாற்றிற்று. விருதின் பெயரை மாற்றியது தகும் என்பதே என் கருத்து. அதனாற் புத்தகத்தையும் அலுமாரியினின்று அகற்றவேண்டும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை.

சென்ற தவணையில் இந்நாவலை வகுப்பில் வாசித்தபோது, கிணற்றுப் பகுதியில் எல்லோரும் மூச்சடக்கி இருந்தனர். தந்தை மகளை உறங்கச் சொல்லும் இடம் வந்ததும் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, அவள் கேட்டதற்கு விடை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றான். அடுத்த பாடவேளையில் 1870ஆம் ஆண்டுச் சட்டத்தின் செய்தியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அப்பகுதியை மீண்டும் வாசிக்கச் சொன்னேன்.