கடற்கரைப்பள்ளிக் கனவின் நயம்

கல்முனைக்குடிக் கடற்கரையில் நிற்கும் நாகூர் ஆண்டகை தர்ஹாவை முழுப் பெயர் சொல்லி யாரும் கேட்பதில்லை. ‘கடற்கரைப்பள்ளி’ என்றால் போதும். அம்பாறைக் கரையோரத்தில் எந்த ஊர்ப் பிள்ளையும் வழி காட்டும். அந்த இடத்தின் பெரிய அதிசயம் அங்கே இல்லாத ஒன்றுதான். நாகூர் ஆண்டகை எனப்படும் ஷாஹுல் ஹமீது ஒலியுல்லாஹ் அடங்கியிருப்பது கல்முனையில் அல்ல. அவர் 16ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு நாகூரில் மறைந்தார். அவரது ஸியாரமும் அங்கேதான் இருக்கிறது. இந்தக் கரையில் பள்ளியை எழுப்பியது ஒரு கனவு.

ஊரார் சொல்லும் கதை சிறியது. கொடிய தோல்நோய் கண்ட ஒருவர், ஊரோடு ஒட்டி வாழ முடியாமல் கடற்கரையில் வந்து கிடந்தார். ஒருநாள் உறக்கத்தில் நாகூர் ஆண்டகை தோன்றினார். நோய் நீங்கிற்று. கனவு கண்ட மண்ணே பள்ளியாயிற்று. சொல்பவருக்குச் சொல்பவர் விவரம் கொஞ்சம் மாறும். இந்த முதுகெலும்பு மாறாது.

இந்தக் கதையை நம்பலாமா, கூடாதா என்பது வேறு பேச்சு. கதையாகப் பார்த்தால் அதன் நெசவு எவ்வளவு நேர்த்தி!

கனவு யாருக்கு வந்தது என்று பாருங்கள். கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்கள் தாய்வழிக் குடிகளால் ஆனவை. பள்ளி நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் அமர்ந்த காலம் அது. கனவு மரைக்காயர் வீட்டுக்குப் போகவில்லை; ஓதிக்கொடுக்கும் லெவ்வையின் பாய்க்கும் போகவில்லை. எந்தக் குடியின் சபையிலும் உட்கார முடியாத ஒருவரைத் தேடிக் கடற்கரைக்கு வந்தது. ஊர் தள்ளிவைத்த மனிதன் கிடந்த இடத்துக்கே பிறகு ஊர் திரண்டு வரவேண்டியதாயிற்று. கதையின் நீதி அந்த ஒரு திருப்பத்தில் அடங்கியிருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லாததுதான் அழகு.

அடுத்து, வந்தவர் யார்? நாகூர் ஆண்டகை கடலோடிகளின் காவலர். நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலைத் தம் கையிலிருந்த கண்ணாடியை வீசி அடைத்தார் என்ற கறாமத்துக் கதை தமிழ்க் கரைகளெங்கும் வழங்குவது. தமிழ் முஸ்லிம்கள் கப்பலேறிப் போன இடமெல்லாம் அவர் பெயரும் கூடப் போயிற்று. பினாங்கில் அவருக்கு நினைவிடம் உண்டு. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் ஒன்று எழுந்தது. 1974இல் அதைத் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். அவையும் உடல் அடங்காத இடங்களே. ஆனால் அங்கே அவரைக் கொண்டுபோனவர்கள் பயணிகளும் வியாபாரிகளும். கல்முனைக்கு அவரே வந்தார் என்கிறது கதை. கடலைப் பார்த்துப் பிழைக்கும் ஊர், கடல்வழி வரும் விருந்தாளியைக் கனவு கண்டதில் வியப்பில்லை.

மூன்றாவது நயம், கனவு எதைக் கேட்டது என்பதில் இருக்கிறது. கண்டவரைத் தலைவராக்கு என்று சொல்லவில்லை. உலகம் எப்போது முடியும் என்று நாள் குறிக்கவில்லை. ஓர் இடத்தைக் காட்டிற்று, அவ்வளவுதான். அந்த இடத்தில் ஊர் இன்றுவரை செய்வது கொடியேற்றம். ஜமாதுல் ஆகிர் மாதம் பிறந்தால் நாகூரில் கொடி ஏறும். கடற்கரைப்பள்ளி மினாராவிலும் ஏறும். கொடி ஊர்வலமாக வரும். பக்கீர்மாரின் றபான் முழங்கும். அடுத்து வரும் இரவுகளில் மௌலித் ஓதுவார்கள். கடைசியில் கந்தூரிச் சோறு. நார்சா எனும் அந்தச் சோற்றுப் பங்கை வாங்க நீளும் கைகளில் எது எந்தக் குடியின் கை என்று பார்ப்பவரில்லை. இருநூறு கொடியேற்றங்களைத் தாண்டிவிட்ட வழக்கம் இது.

இஸ்லாமிய மரபுக்குள் இந்தக் கனவை வைத்துப் பார்த்தால் இன்னும் சுவை கூடும். நல்ல கனவு நபித்துவத்தின் நாற்பத்தாறு பங்கில் ஒன்று என்பது புகழ்பெற்ற ஹதீஸ். இறைவனின் நற்செய்தி, ஷைத்தானின் மிரட்டல், தன் மனமே பேசும் பேச்சு எனக் கனவை மூன்றாகப் பிரித்து எச்சரிப்பதும் அதே ஹதீஸ் மரபுதான். பதினொரு நட்சத்திரங்களையும் சூரியனையும் சந்திரனையும் கனவில் கண்ட சிறுவன் யூசுபுக்குத் தந்தை யஃகூப் முதலில் சொன்னது, உன் சகோதரர்களிடம் இதைச் சொல்லாதே என்பது. கனவுக்குப் பொருள் சொல்லுமுன் அதற்கு அடக்கம் கற்பித்தார் அந்தத் தகப்பனார்.

பாங்கின் கதை இதைவிட நுட்பம். தொழுகைக்கு எப்படி அழைப்பது என்று மதீனாவில் யோசித்துக்கொண்டிருந்த நாளில் அப்துல்லாஹ் இப்னு ஸைத் என்ற தோழர் கனவில் அந்தச் சொற்களைக் கேட்டார். உண்மையான கனவு என்று நபிகளார் ஏற்றார்கள். ஆனாலும் முதல் பாங்கைச் சொல்லும் பேறு கண்டவருக்குக் கிடைக்கவில்லை. பிலாலுக்குச் சொல்லிக்கொடுங்கள், அவர் குரல் உம் குரலைவிட இனியது என்றார்கள். இன்றும் ஐந்து வேளை உலகம் கேட்பது அந்தக் கனவைத்தான். உடனே நினைவுக்கு வருவதோ பிலாலின் பெயர். கண்டவர் ஒதுங்கி நிற்க, கண்டது ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. கடற்கரைப்பள்ளியிலும் அதே ஒழுங்குதான்: கொடி ஆண்டகை பேரில் ஏறும், சோறு ஊருக்குப் போகும், கண்டவர் கதைக்குள் ஒதுங்கிவிடுவார்.

நம் காலத்துக்கு அருகில் வந்தால் யாழ்ப்பாணத்து ஸூபி ஞானி பாவா முஹையத்தீன். அவரை நேரில் காணுமுன்பே கனவில் கண்டோம் என்று சொன்ன சீடர்கள் உண்டு. ஈசா நபியின் தாயார் மர்யம் அவருக்குத் தோன்றியதன் பலனாக மண்கும்பானில் 1955இல் இறையில்லம் ஒன்றுக்கு அடித்தளம் போட்டார் என்பது அவர் வழியினரின் வரலாறு. கட்டடம் திறக்கப்பட்டது 1975 பெப்ரவரி 17இல். கண்ட காட்சி கூரையாக இருபது ஆண்டுகள் பிடித்தன. அதற்கும் அவசரமில்லை என்பதே அதன் நயம்.

அவசரப்பட்ட கனவுகளையும் அந்தத் தலைமுறை பார்த்தது. 1979 நவம்பர் 20 அதிகாலையில் ஜுஹைமான் அல்உதைபியின் கூட்டம் மக்காவின் புனிதப் பள்ளியை ஆயுதத்தோடு கைப்பற்றியது. தம்மில் ஒருவரே இறுதிக்காலத்தில் வருவார் எனப்படும் மஹ்தி என்று பலரும் கனவு கண்டதை அவர்கள் சான்றாகக் காட்டினார்கள். இரண்டு வாரம் நீடித்த அந்த முற்றுகையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். மஹ்தி என்று சொல்லப்பட்டவரும் உள்ளேயே செத்தார். அந்தக் கனவு ஆளைக் காட்டியது. கல்முனைக் கனவு இடத்தைக் காட்டியது. இரண்டுக்கும் உள்ள தூரம் சிறிதல்ல.

கொடியேற்றமும் கந்தூரியும் மார்க்கத்தில் உள்ளவையா என்று கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் பல ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. தவ்ஹீத் சிந்தனையுள்ளவர்கள் இவற்றை மார்க்கத்தில் புகுந்த புதுமை, பித்அத் என்று விலக்குவார்கள். தரீக்காக்காரர்கள் நல்லடியார் மீதான அன்பு, மஹப்பத் என்பார்கள். ஒரே வீட்டில் வாப்பா கொடி பார்க்கப் போவார், மகன் போகமாட்டான். அந்த வழக்கைத் தீர்ப்பது ஆலிம்களின் வேலை. நயம் பார்ப்பவனுக்கு அதில் தீர்ப்பு இல்லை.

ஒன்றை மட்டும் துணிந்து சொல்லலாம். கனவு கண்டேன் என்று இன்று கைப்பேசியில் வந்து நிற்பவர்கள் ஏராளம். அவர்களை அளக்கக் கல்முனைக்குடியில் நல்ல அளவுகோல் ஒன்று கிடைக்கிறது: அந்தக் கனவால் கண்டவருக்கு என்ன கிடைத்தது, ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு நீண்ட பதில் வருமானால் அந்தக் கனவை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.