காட்டுவது ஒரு தேதி, அடுக்குவது இன்னொன்று

கிட் லாக் என்று தட்டினால் கமிட்டுகள் வரிசையாக வந்து விழுகின்றன. புதியது மேலே, பழையது கீழே. நிரலாளர்கள் நாள்தோறும் பார்க்கும் பட்டியல் என்பதால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. செய்திகளை விட்டுவிட்டுத் தேதிகளை மட்டும் படித்துக்கொண்டே போனால் சில இடங்களில் உறுத்தும். மார்ச் 12, மார்ச் 12, பிப்ரவரி 3, மார்ச் 11. நடுவில் அந்தப் பிப்ரவரி எப்படி வந்தது?

ஒவ்வொரு கமிட்டிலும் கிட் இரண்டு தேதிகளைப் பதிந்து வைக்கிறது. மாற்றத்தை எழுதியவர் எழுதிய நேரம் ஒன்று. அதைக் கமிட்டாக ரெப்போவில் சேர்த்தவர் சேர்த்த நேரம் மற்றொன்று. லினக்ஸ் கெர்னலின் பழக்கத்திலிருந்து வந்த பிரிவு இது. அங்கே ஒருவர் மாற்றத்தை மின்னஞ்சலில் அனுப்புவார். அந்தப் பகுதியைப் பராமரிப்பவர் சில வாரம் கழித்துச் சேர்ப்பார். எழுதியவருக்கு உரிய பெயரும் நேரமும் அவருக்கே இருக்க வேண்டும் என்பது நியாயமான ஏற்பாடு. கோளாறு பட்டியலில்தான் இருக்கிறது. லாக் திரையில் காட்டுவது எழுதிய தேதியை. வரிசை போடுவதோ சேர்த்த தேதியை வைத்து. ரீபேஸ் செய்தாலும், அமெண்ட் செய்தாலும், செர்ரி-பிக் செய்தாலும் முதல் தேதி அப்படியே நிற்க, இரண்டாவது புதிதாகிவிடும். பிப்ரவரியில் எழுதி மார்ச்சில் ரீபேஸ் ஆன கமிட், பிப்ரவரி முகத்தோடு மார்ச் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. வரிசைக்கான காரணத்தை வாசகர் கண்ணிலிருந்து மறைக்கும் பட்டியலை நல்ல பட்டியல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இருந்தாலும், அடியில் இருக்கும் அமைப்பைக் குறை சொல்வதற்கில்லை. 2005 ஏப்ரலில், கெர்னல் நிரலைப் பராமரிக்கப் பயன்பட்ட பிட்கீப்பரை இலவசமாகப் பயன்படுத்தும் வழி அடைபட்டபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். சப்வெர்ஷன் போன்ற பழைய கருவியில் வரிசை ஒரு கேள்வியே அல்ல. நடுவில் ஒரே சர்வர். அது 1, 2, 3 என்று எண் கொடுத்துக்கொண்டே போகும். கிட்டில் நடுவர் கிடையாது. வரிசை எண்ணுக்குப் பதில், ஒவ்வொரு கமிட்டும் தன் பெற்றோர் கமிட்டின் ஹேஷைக் குறித்து வைத்துக்கொள்ளும். வம்சாவளியைப் போலத்தான்: தந்தைக்குப் பின்னே மகன் என்பது உறுதி, பெரியப்பா பேரனா சித்தப்பா பேரனா, யார் முதலில் பிறந்தவர் என்பதை வம்சாவளி சொல்லாது, பிறந்த தேதியைத்தான் கேட்க வேண்டும். பல கணினிகள் சேர்ந்து இயங்கும் இடத்தில் எது எதற்கு முன் நடந்தது என்பதை ஓரளவுக்கே தீர்மானிக்க முடியும், மிச்சத்தை நாம்தான் ஏதோ ஒரு விதி வைத்து நிரப்ப வேண்டும் என்று கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1978லேயே விளக்கியிருந்தார். கிட் தனக்குத் தெரிந்ததை மட்டும் பதிகிறது. நிரப்பும் வேலை லாக் கட்டளைக்கு வந்து சேர்கிறது.

இயல்பான முறையில் லாக் அதைக் கடிகாரத்தை நம்பிச் செய்கிறது. கையில் உள்ள கமிட்டுகளில் சேர்த்த தேதி எதற்குப் புதியதோ அதை எடுத்து அச்சிடும், அதன் பெற்றோரை வரிசைக்குள் போடும், மறுபடி புதியதைத் தேடும். முழு வரலாற்றையும் படிக்காமலே முதல் பக்கம் திரைக்கு வந்துவிடுவதால், பெரிய ரெப்போக்களில் இந்த வேகம் சாதாரண லாபமல்ல. ஆனால் யாரோ ஒருவரின் கணினிக் கடிகாரம் பின்தங்கியிருந்தால், ஒரு கமிட் அதன் வாரிசுகள் எல்லோரும் வருமுன்பே திரையில் தோன்றிவிடலாம். அதைவிட மோசம், ஒரு நாளுக்குப் பிந்தையவற்றை மட்டும் காட்டும் சின்ஸ் தெரிவு. குறிப்பிட்ட நாளைவிடப் பழைய தேதியுள்ள கமிட்டைக் கண்டதும் அந்தப் பாதையில் நடை நின்றுவிடும். தவறான தேதியுள்ள அந்த ஒற்றைக் கமிட்டுக்கு அப்பால் புதியவை இருந்தாலும் தெரியாது. நிற்காமல் எல்லாவற்றையும் பார்த்து வடிகட்டும் தெரிவு 2022இல், 2.37ஆம் பதிப்பில்தான் வந்தது.

இயல்பான முறைக்கு மாற்றுகளும் உண்டு. டேட்-ஆர்டர் தெரிவு வாரிசுக்கு முன் பெற்றோர் வராமல் காக்கும். டோப்போ-ஆர்டர் அதோடு நிற்காமல் ஒரு கிளையின் கமிட்டுகளைக் கலக்காமல் ஒன்றாக வைக்கும். கிட்டின் கையேட்டில் உள்ள எடுத்துக்காட்டில், தேதிப்படி 8 7 6 5 4 3 2 1 என்று வருவது, டோப்போவில் 8 6 5 3 7 4 2 1 என்று மாறுகிறது. ஒரு வேலை எப்படி வளர்ந்தது என்று படிக்க இரண்டாவதே வசதி. நேற்று காலை என்னென்ன உள்ளே வந்தன, எது பில்டை உடைத்தது என்று தேடுகிறவருக்கு அதே வரிசை எரிச்சலூட்டும். அடுத்தடுத்து நடந்தவை பல பக்கம் தள்ளிக் கிடக்கும். இதற்குரிய அல்காரிதம் 1962இல் ஆர்தர் கான் எழுதிய பழைய சரக்கு. முழு வரலாற்றையும் நடந்து முடித்த பிறகே முதல் வரி வரும் என்ற சுணக்கம் அதற்கு இருந்தது. 2018இல் 2.18ஆம் பதிப்போடு வந்த கமிட்-கிராஃப் கோப்பும், அதில் உள்ள தலைமுறை எண்களும் அந்தச் சுணக்கத்தைப் போக்க உதவின. கடிகாரத்தை நம்பாமல், எது எதற்கு மூதாதையாக இருக்க முடியாது என்று சொல்ல அந்த எண் போதும். முதல் நாளிலிருந்தே கமிட்டுக்குள் அது இருந்திருக்கலாம்.

பல குழுக்கள் கைக்கொள்ளும் வழி ஃபர்ஸ்ட்-பேரண்ட். மெர்ஜ் வரும்போதெல்லாம் முதல் பெற்றோரை மட்டும் பின்தொடர்ந்தால், மெயின் கிளையில் எந்த வேலை எப்போது சேர்ந்தது என்பது சுருக்கமாகக் கிடைக்கும். எனக்கு மிகப் பிடித்த வாசிப்பு இதுதான், ஆனால் அது ஒழுக்கத்தின் மேல் நிற்கிறது. மெயினில் இருந்தபடியே கமிட் போட்டுவிட்டு, புல் செய்து, உருவான மெர்ஜை அப்படியே புஷ் செய்கிறார் ஒருவர். அவருடைய சொந்தக் கமிட் முதல் பெற்றோர் ஆகிவிடுகிறது; அதற்கிடையே மற்றவர்கள் சேர்த்த வேலை முழுவதும் பக்கக் கிளையாகி, ஃபர்ஸ்ட்-பேரண்ட் பட்டியலிலிருந்து காணாமல் போகிறது. கிட் வாய் திறக்காது.

கோப்பின் பெயர் கொடுத்து லாக் கேட்பதுதான் என் கணக்கில் ஆகப் பெரிய பொறி. அங்கே வரிசை மட்டுமல்ல, உள்ளடக்கமே சுருங்குகிறது. மெர்ஜ் முடிவில் அந்தக் கோப்பு ஒரு பெற்றோரில் இருந்தபடியே இருந்தால், கிட் அந்தப் பெற்றோர் வழியே மட்டும் போகும். மற்றக் கிளையை எட்டிப் பார்க்காது. ஒருவர் கிளையில் செய்த திருத்தத்தை மெர்ஜ் செய்தவர் மோதலைத் தீர்க்கும்போது தெரியாமல் தூக்கி எறிந்துவிட்டார் என்று வையுங்கள். திருத்தம் எங்கே போனது என்று அந்தக் கோப்பின் வரலாற்றைக் கேட்டால், அப்படி ஒரு திருத்தம் நடந்ததாகவே பட்டியல் சொல்லாது. தொலைந்ததைத் தேடும் வேளையில்தான் அதே பட்டியல் மறைக்கிறது. அதையும் காட்ட ஃபுல்-ஹிஸ்டரி தெரிவு இருக்கிறது. தேவைப்படும் நேரத்தில் அதன் பெயர் நினைவில் இருப்பவர்கள் குறைவு. (ரிவர்ஸ் என்று போட்டு ஒரே ஒரு கமிட் கேட்டால் ரெப்போவின் முதல் கமிட் வரும் என்று நினைக்காதவர் உண்டா? வருவது கடைசிக் கமிட். எண்ணிக்கையை வெட்டிய பிறகே கிட் தலைகீழாக்குகிறது.)

பைசெக்ட் இந்தப் பட்டியல்களில் எதையும் நம்பாமல் பெற்றோர் உறவை நேராகப் பிடித்துக்கொண்டு போவதால், எந்தக் கமிட்டில் பிழை நுழைந்தது என்ற கேள்வியை அதனிடம் விடுவதே நல்லது. லாக்கைப் பொறுத்தவரை, ஃபுல்லர் என்ற வடிவத்தை இயல்பாக்கி வைத்தால் இரண்டு தேதிகளும் அருகருகே தெரியும். கமிட்டுக்கு இரண்டு வரி கூடும், திரையில் அடங்கும் எண்ணிக்கை குறையும், சேர்த்தவரின் பெயர் பாதி நேரம் எழுதியவரின் பெயராகவே இருந்து சலிப்பூட்டும். ஆனால் பிப்ரவரி 3க்குக் கீழேயே மார்ச் 12 என்று இருப்பதால், அந்தக் கமிட் ஏன் அங்கே நிற்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.